கதிரைக்கு முதலில் சொன்ன கலியாணம்

“கதிரைக்கு எதுக்கு கொம்பியூட்டர்? கதிரை என்ன, எழும்பி ஓடவா போகுது?”

இதைச் சொன்னவர் என் மச்சான், மூத்தவளான ராத்தாவின் கணவர். லேண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பின்பெட்டியில் அடுக்கிய பிளாஸ்டிக் கதிரைகளுக்கு மேல் ஏறி நின்று, கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். கீழே நின்று கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்த வாப்பா சிரிக்கவில்லை. ஆனால் மச்சானை மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

எங்கள் தொழில் கதிரை வாடகை. கதிரை, மேசை, தகரக் கொட்டகை, கலியாணச் சோறு ஆக்கும் பெரிய கிடாரங்கள், சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் சஹன் தட்டுகள், எல்லாம் எங்களிடம் உண்டு. வாப்பாவும் உம்மாவும் தொண்ணூறில் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தவர்கள். நான் பிறந்தது கரைத்தீவுப் பக்கத்தில், களப்பு ஓரத்து ஓலைக் கொட்டில் ஒன்றில். யுத்தம் முடிந்த பிறகு, ஊருக்குத் திரும்புவதா இங்கேயே இருப்பதா என்று வீட்டுக்கு வீடு கதை நடந்த காலத்தில், வாப்பா கையில் இருந்ததைக் கொண்டுபோய்க் கதிரை வாங்கினார். “உக்கார இடமில்லாம வந்த நாங்க இப்ப ஊரையே உக்கார வைக்கிறம்” என்று உம்மா பகிடி விடுவார்.

உம்மாவுக்குக் கையெழுத்து இல்லை, பெருவிரல்தான். வாப்பா குர்ஆனை நன்றாக ஓதுவார், தமிழ் எழுத்துகளை மட்டும் கடைப் பலகை பார்ப்பது போல ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ராத்தா அகதி முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றே வளர்ந்தவள். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு வரை போன முதல் ஆள் நான். அதற்குப் பிறகு பஸ்ஸில் புத்தளம் டவுனுக்குப் போய் வந்து கணினிப் படிப்பில் டிப்ளோமாவும் எடுத்தேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும் என்று ராத்தா சொல்வாள். உயரட்டும்.

பிரச்சினை ஒரு பிறையில் தொடங்கியது. எங்கள் ஆட்கள் கலியாணத் திகதியை இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒருவர் இங்கிலிஷ் திகதி சொல்வார், இன்னொருவர் “ஹஜ் முடிஞ்சு இத்தனையாம் பிறை” என்பார். வாப்பா இரண்டையும் தலைக்குள்ளேயே வைத்திருப்பார். ஒரு வருஷம் மாதப் பிறை தென்படுவது ஒரு நாள் பிந்திவிட்டது. பிறைக் கணக்கில் கேட்ட வீடும் திகதிக் கணக்கில் கேட்ட வீடும் ஒரே நாளில் வந்து விழுந்தன. அன்று மச்சான் லேண்ட்மாஸ்டரோடு இரண்டு ஊருக்கும் நடுவில் ஓடினார். ஒரு வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் நின்றபடியே பலூடா குடித்தார்கள்.

அதை யாரோ டவுனில் சொல்லியிருக்க வேண்டும். புத்தளத்தில் பெரிய மண்டபமும் லொறியும் வைத்திருக்கும் முதலாளி ஒருவர் வாப்பாவைத் தேடி வந்தார். எங்கள் சாமான் எல்லாவற்றையும் ஒரேயடியாக விலைக்கு எடுத்துக்கொள்வதாகவும், மச்சானுக்குத் தன்னிடமே வேலை தருவதாகவும் சொன்னார். மச்சானுக்கு அது பிடித்துப்போயிற்று. முதுகு நோவோடு கதிரை சுமக்கும் வாப்பாவுக்கும் பிடித்துப்போகும் என்று பயந்தேன். “ஒரு கலியாண சீசன் தாங்க, வாப்பா. எல்லாத்தையும் நான் கொம்பியூட்டர்ல ஒழுங்காக்கிக் காட்டுறன். பிழைச்சா முதலாளிக்கிட்டக் குடுங்க” என்றேன். அப்போதுதான் மச்சான் கதிரை ஓடுவதைப் பற்றிக் கேட்டார்.

வாப்பா கயிற்றை முடிச்சுப் போட்டு முடித்துவிட்டு, “ஹஜ் சீசன் முடியும் மட்டும்” என்றார். அவ்வளவுதான் அனுமதி.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சாமான்களின் பின்னால் ஓடினேன். எது எங்கே போகிறது, எப்போது திரும்புகிறது, எந்தக் கொட்டகையின் கால் வளைந்திருக்கிறது, சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் தகரத்துக்கு எத்தனை மேலதிகக் கயிறு வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிறகு ஒரு இணையப் பக்கம் செய்தேன். அதில் ஒரு நாட்காட்டி. வெறுமையான நாள் பச்சை, கொடுத்துவிட்ட நாள் சிவப்பு. சிவப்பு நாளைத் தொட்டால் சாமான் எந்தத் தெருவில் எந்த ஒழுங்கைக்குப் போகிறது என்று தெரியும். பக்கத்து ஒழுங்கையில் இன்னொருவருக்குச் சின்னத் தேவை இருந்தால் அதே ஓட்டத்தில் கொடுத்துவிடலாம் என்பது என் கணக்கு. பிறையைத் திகதியாக்கும் வேலையையும், பிந்தினால் இரண்டு நாளையும் பிடித்து வைக்கும் வேலையையும் அதிலேயே சேர்த்தேன். யார் முதலில் கேட்கிறாரோ அவருக்கு என்று மேலே பெரிதாக எழுதினேன்.

மௌத்தை, மரண வீட்டைக்கூட நான் மறக்கவில்லை. ஒரு வீட்டில் மௌத்து என்றால் எங்களிடம் யாரும் கதிரை கேட்க மாட்டார்கள். வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். வாடகையும் இல்லை. அதற்கென்று ஒரு அடுக்குக் கதிரையை இணையப் பக்கத்தில் காட்டாமல் ஒதுக்கினேன். நான் ஒதுக்கியது பழைய நீலக் கதிரைகளை. வாப்பா பார்த்துவிட்டு அவற்றைத் தள்ளிவைத்து நல்லதை அந்த இடத்தில் அடுக்கினார். சரி என்று அதையும் மாற்றினேன். மௌத்துக்கே இடம் வைத்த திட்டத்தில் இனி என்ன ஓட்டை இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

முதல் வாரங்கள் நன்றாக ஓடின. கல்பிட்டியில் ஒரு பெயர் வைக்கும் விருந்து, தலவில திருவிழாவில் கடை போடும் சிலாபத்துக்காரர்களின் விசாரிப்பு. சிங்களத்திலும் எழுதி வைத்ததால் அவர்கள் நேரே நாளைப் பார்த்துவிட்டுத்தான் போன் எடுத்தார்கள். எதிர்பாராத ஒன்றும் நடந்தது. ஆட்கள் முந்தத் தொடங்கினார்கள். சிவப்பு நாட்கள் கூடக்கூட, பச்சை நாள் போய்விடும் என்ற பயத்தில் மாதங்களுக்கு முன்பே கேட்டார்கள். மச்சான்கூட, “உன்ட கொம்பியூட்டர்ப் பெட்டி சும்மா இல்லடி” என்றார். நான் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் ஒரு உம்மா வந்தார். எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கை. கணவர் மௌத்தாகிச் சில வருஷமானவர், ஒரே ஒரு மகள். முற்றத்தில் நின்றபடியே ஒரு திகதியைச் சொல்லி, “அந்த நாள் பச்சையா இருக்கு எண்டு பக்கத்து வீட்டுப் புள்ள காட்டிச்சு. எனக்குப் போட்டு வை மகள்” என்றார். என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. போட்டேன். நாள் சிவப்பானது. தொட்டால் ஒழுங்கையின் பெயர் வந்தது.

எங்களுக்குள் ஒரு கலியாணத்தைச் சொல்வதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வாப்பாவின் வழியில் மூத்தவர், பிறகு உம்மாவின் ஆட்கள், பிறகு சம்பந்தக்காரர், பிறகுதான் ஊர். வீடு வீடாகப் போய், இருந்து, தேத்தண்ணி குடித்து, வாயால் சொல்ல வேண்டும். அது முடியும்வரை வெளியே விடமாட்டார்கள். கண் படும், இல்லாவிட்டால் யாராவது இடையில் போய்க் குழப்பிவிடுவார்கள் என்ற பயம். கதிரை என்பது எல்லாருக்கும் சொல்லி முடித்த பிறகு, கடைசியில் பேசும் காரியம். என் நாட்காட்டி அதைத் தூக்கி முதலில் வைத்துவிட்டது.

அந்த உம்மாவின் மகளுக்குப் பெரியாப்பா, மௌத்தான அவள் வாப்பாவின் மூத்த சகோதரர், அவர்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தார். பிள்ளைக்கு வாப்பா இல்லை, வாப்பாவின் வாப்பா இல்லை, கூடப்பிறந்த ஆண்பிள்ளையும் இல்லை. நிக்காஹ்வுக்கு வலியாக, பெண்ணின் பொறுப்பாளராக நின்று அவளைக் கட்டிக்கொடுக்க வேண்டியவர் அவர்தான். அவருக்குச் செய்தி போனது கத்தாரிலிருந்து. அங்கே வேலை செய்யும் அவருடைய மகன் சும்மா இருந்த நேரத்தில் எங்கள் இணையப் பக்கத்தைப் பார்த்திருக்கிறான்.

மறுநாள் காலை அந்த உம்மா எங்கள் அடுப்படி வாசலில் வந்து குந்திக்கொண்டு அழுதார். “நாள் சிவப்பாகிப் போயிடும் எண்டு பயந்துதான் முதல் இங்க வந்தன். பெரியவருக்குப் போய்ச் சொல்லத்தான் இருந்தன். இப்ப வலியா நிக்க மாட்டனாம். நீங்களே கட்டி வைங்க எண்டுட்டார்.”

என் உம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். என்னைப் பார்க்கவில்லை.

“இது தெரிஞ்சுதான் நான் அப்பவே சொன்னன்” என்றார் மச்சான் வெளியிலிருந்து. அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் முன்பே சொன்னவர்களாகிவிட்டார்கள். பின்னேரத்துக்குள் முன்பே நாள் பிடித்திருந்த இரண்டு வீட்டார் போன் எடுத்து, எங்கட ஒழுங்கைப் பெயரை அழியுங்கள் என்றார்கள். இன்னொருவர் கதிரையே வேண்டாம் என்றார். டவுன் முதலாளிக்குச் சொல்லிவிடலாமா என்று மச்சான் வாப்பாவிடம் கேட்பது எனக்குக் கேட்டது. வாப்பா என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. நான் முற்றத்துக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். இருந்தால் அழுகை வரும் போலிருந்தது. நடந்தால் கோபம்தான் வந்தது. கோபம் பரவாயில்லை.

அஸர் தொழுதுவிட்டு வாப்பா சட்டை மாற்றினார். “பெரியவர்ட வீட்ட போறன்” என்றார். நானும் புர்காவைப் போட்டுக்கொண்டு கூடவே இறங்கினேன். வராதே என்று சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

பெரியவர் முன்வாசலில் இருந்தார். எங்களைக் கண்டதும் கையைக் காட்டினார். “வாங்க, வாங்க. பயப்படாம இருங்க. இது வாடகைக் கதிரை இல்ல, வீட்டுக் கதிரை.”

வாப்பா கதிரையில் இருந்தார். நான் நின்றேன்.

“கத்தார்ல இருந்து மகன் கேக்கிறான், வாப்பா நம்மட பக்கத்தில ஆருக்குக் கலியாணம், கதிரை வருதே எண்டு. நாலு வீடு தள்ளி இருக்கிற எனக்குத் தெரியா. கடலுக்கு அங்கால இருக்கிறவனுக்குத் தெரியுது.”

“பேர் ஒண்டும் போடல்ல பெரியாப்பா” என்றேன்.

“பேர் எதுக்குப் புள்ள? இந்த ஒழுங்கையில கலியாணத்துக்குக் குமர் இருக்கிற வீடு எத்தன? என்ட தம்பிட வீடு ஒண்டுதானே.” அவர் என்னைப் பார்க்காமல் வாப்பாவிடம் திரும்பினார். “எனக்குச் சொல்ல முதல் கதிரைக்குச் சொல்லியிருக்காங்க. சரி. அப்ப கதிரையே வந்து வலியா நிக்கட்டும்.”

உள்ளேயிருந்து யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது.  வாப்பா கைகளைச் சேர்த்துக்கொண்டு, “பிழையாப் போச்சு காக்கா, புள்ள தெரியாம...” என்று தொடங்கினார். அவர் எனக்காகத் தலை குனிவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. போனை எடுத்தேன். அந்த நாளைத் திறந்தேன். பெரியவரின் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்து அழித்தேன். சிவப்பு பச்சையானது.

“பாருங்க பெரியாப்பா. இப்ப அந்த நாள்ல கலியாணமும் இல்ல, கதிரையும் இல்ல. அவங்க வந்து கேட்டாலும் நான் போட மாட்டன். நீங்க வந்து சொன்னாத்தான் போடுவன்.”

“நான் வராட்டி?”

“வேற ஆரும் கேட்டா குடுப்பன்.”

 தேத்தண்ணி வரவில்லை. எழும்பி வந்தோம். திரும்பும் வழியில் வாப்பா, “அந்தக் கடைசிக் கதையச் சொல்லாம விட்டிருக்கலாம்” என்றார்.

“ஏன் வாப்பா?”

“நீ சொன்னா செய்வாய். அவருக்கும் அது விளங்கியிருக்கும்.”

அடுத்த நாள் முழுவதும் அந்தப் பச்சை என்னைத் தின்றது. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் போனைப் பார்த்தேன்.  மதியம் லுஹருக்கு முன்பு சிலாபத்திலிருந்து ஒருவர் எடுத்தார். ஒரு கோயில் விசேஷம். அதே திகதி. எல்லாக் கதிரையும், இரண்டு கொட்டகையும் வேண்டும். பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும், தங்கை முறை வைத்து, “நங்கி, பக்கத்தில பச்சைதானே காட்டுது?” என்று கேட்டார். எங்களுக்கு அந்த சீசனில் வந்தவற்றிலேயே பெரிய ஓட்டம் அது.

“பச்சைதான் அய்யே. ஆனா நாளைக்குத்தான் சொல்லுவன்” என்றேன்.

மச்சான் கதிரை கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “ஏன்? முதல் கேட்டவருக்கு எண்டு நீதானே எழுதி வெச்சாய்?”

“தெரியும்.”

“நேத்து சட்டம், இண்டைக்கு இரக்கம். இதுக்கா டிப்ளோமா?”

 என் விதியை நானே மீறிக்கொண்டிருந்தேன். மீறாவிட்டால் ஒரு பிள்ளையின் கலியாணம் போகும். மீறினால் அந்தத் திட்டம் என்ன திட்டம்? ஒரு சஹனை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்க்கத் தொடங்கினேன். அது ஏற்கெனவே கழுவிய சஹன் என்று ராத்தா வந்து பிடுங்கிக்கொண்டு போனாள்.

காலையில் படலைக்கு வெளியே சைக்கிள் மணி கேட்டது. பெரியவர் இறங்கவில்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

“அந்த நாள் இருக்கா?”

“இருக்கு பெரியாப்பா.”

“எனக்குப் போடு. கொட்டகை ரெண்டும் வேணும். சஹன் கொஞ்சம் கூட்டிப் போடு, என்ட ஆக்களும் வருவாங்க.” போகப் பார்த்தவர் திரும்பினார். “ஒழுங்கையின்ட பேரப் போட்டுத் துலைச்சிடாத. நான் போய் எல்லாருக்கும் சொல்லி முடியட்டும்.”

அவர் ஏன் வந்தார் என்று எனக்குத் தெரியாது. அந்த உம்மா முந்தின நாள் மாலை மஃரிபுக்குப் பிறகு மகளையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் அழித்த சிவப்பும் கொஞ்சம் உதவியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். சிலாபத்துக்காரருக்கு எடுத்து இல்லை என்றேன். வேறு நாள் தரலாம் என்றேன். அவர் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நல்ல சொல் இல்லை. அவரிடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அன்றே நாட்காட்டியை இரண்டாகப் பிரித்தேன். திருவிழா, பெயர் வைக்கும் விருந்து, கூட்டம் எல்லாம் முன்பு போல வெளியே. கலியாணம் உள்ளே, எங்களுக்கு மட்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த நாளில் “போன் எடுத்துக் கேளுங்கள்” என்று மட்டும் வரும். கேட்பவரிடம் நான் திகதியைக் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேட்கிறேன்: “குடும்பத்துக்குச் சொல்லியாச்சா?” இல்லையென்றால் நாளைப் பிடித்து வைக்கிறேன், ஆனால் சொல்லி முடிக்க ஒரு தவணை கொடுக்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். ஒரு மாப்பிள்ளை வீட்டார், “நீ என்ன பள்ளிவாசல் நிர்வாகமா?” என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு, இன்னும் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

ஹஜ் சீசன் முடிந்தது. ஒரு நாளும் இரண்டு வீடு மோதவில்லை. ஆனால் கதிரையே வேண்டாம் என்ற அந்த ஒரு வீட்டார் திரும்பவில்லை, சிலாபத்துக்காரரும் திரும்பவில்லை. மச்சான் அவற்றைத்தான் விரல் மடக்கிச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு டவுன் முதலாளி முடிவு கேட்க வருவதாக இருந்தது. வாப்பா இரண்டு பக்கமும் கேட்டார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முதுகைத் தடவிக்கொண்டு, “பாப்பம்” என்றார்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் என்னால் இருக்க முடியவில்லை. வியாழன் காலை, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த வாப்பாவின் முன்னால் போய் நின்றேன். “நான் முதலாளிக்கு எடுத்து இல்லை எண்டு சொல்லப்போறன். வேணாமெண்டா இப்ப சொல்லுங்க வாப்பா” என்றேன். அவர் கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “மரியாதையாக் கதை” என்றார்.

முற்றத்தில் நின்று எடுத்தேன். சாமானைத் தருவதாக இல்லை, தொழிலை நாங்களே செய்கிறோம் என்று மரியாதையாகச் சொன்னேன்.  “வாப்பாவக் குடு” என்றார் அவர். வாப்பா என் பின்னால் வந்து நின்றிருந்தார். நான் போனை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டி, என்னையே கதைக்கச் சொன்னார். கதைத்து முடித்தேன்.

பிறகு, அடுத்த விசேஷத்துக்காவது எங்களிடம் எடுக்கச் சொல்ல, சிலாபத்துக்காரரின் எண்ணைத் தேடி எடுத்து அழுத்தினேன்.